பயன்படுத்துவோரை நோக்கிய வடிவமைப்பு: பயிற்சிக்கு மனுச் செய்வோர் அறிய வேண்டியவை

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவ விமானப் படையில் பி-17 என்னும் குண்டுவீச்சு விமானம் பெருமளவில் பயன்படுத்தப்பட்டது. இவ்வகை விமானங்களில் சில, போர்க்களத்தினின்று பத்திரமாகத் திரும்பி, தரையிறங்கி, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும் தருணத்தில், சக்கரங்கள் திடீரென்று உள்ளிழுக்கப்பட்டு, வயிறு தரையில் உராயச் சரிந்து சேதமுற்றன. யந்திரங்களைப் பிரித்துப் பார்த்ததில் பழுது ஏதும் காணப்படவில்லை. எனவே, “விமானியின் தவறு” என்ற காரணமே எழுதப்பட்டு வந்தது.

1943ஆம் ஆண்டில் அல்ஃபோன்ஸ் சாபானிஸ் என்ற இளம் உளவியல் அறிஞர் இதனை ஆராய முற்பட்டார். அவர் யந்திரத்தையும் விமானியையும் தனித்தனியே சோதிக்கவில்லை. விமானியின் கை செல்லும் இடத்தைப் பார்த்தார். சக்கரங்களை இயக்கும் விசையும், இறக்கையின் பின்விளிம்பிலுள்ள தகடுகளை இயக்கும் விசையும் அருகருகே அமைந்திருந்தன; இரண்டும் தொட்டுணர்வில் ஒன்று போலவே இருந்தன. தரையிறங்கியபின் தகடுகளை மடக்க வேண்டிய களைப்புற்ற கை, சக்கரத்தின் விசையை இழுத்து விட்டது. சாபானிஸ் கண்ட பரிகாரம் மிக எளியது. ஒரு விசையின் முனையில் சிறிய ரப்பர்ச் சக்கரம் ஒன்றும், மற்றதன் முனையில் ஆப்பு வடிவமான துண்டு ஒன்றும் பொருத்தப்பட்டன. கண்ணால் பாராமலே எது எதுவென்று விரல்கள் அறிந்து கொண்டன. அவ்வகை விபத்துக்கள் நின்றன.

போர் முடிந்தபின் 1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் என்னும் இருவர், “விமானியின் தவறு” என்று கருதப்பட்ட 460 நிகழ்ச்சிகளைத் திரட்டி ஆராய்ந்து, அவற்றுட் பெரும்பகுதி விசைகளும் கைப்பிடிகளும் அமைக்கப்பட்டிருந்த முறையினால் விளைந்தவை என்று காட்டினர். தவறு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கான விடை மனிதனை விட்டுப் பொருளுக்கு இடம் பெயர்ந்தது. பயன்படுத்துவோரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு என்று இன்று வழங்கப்படும் துறையின் வேர் இங்கேதான் உள்ளது. அத்துறையில் பயிற்சி பெற விரும்பி மனுச் செய்வோர், கணிப்பொறியைப் பற்றிய தம் அறிவினையே விரிவாக எழுதி, இந்த இடப் பெயர்ச்சியைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டு விடுவது பெரிதும் வருந்தத்தக்கது.

துறையின் வளர்ச்சி

விமானத்திலிருந்து இக்கருத்து தொலைபேசிக்கும், அடுப்புக்கும், தொழிற்சாலைக்கும் பரவியது. கணிப்பொறி அலுவலகங்களுக்கு வந்த பிறகு இதன் தேவை பன்மடங்கு பெருகிற்று. விசையைத் தொட்டு அறியலாம். திரைக்குப் பின்னால் நிகழ்வதைத் தொட்டறிய வழியில்லை. 1985இல் ஜான் கூல்ட், கிளேட்டன் லூயிஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர் மூன்று நெறிகளை வகுத்துக் கூறினர். பயன்படுத்தப் போகிறவர் யார், அவர் செய்யும் வேலை என்ன என்பதைத் தொடக்கத்திலேயே நேரில் அறிதல். மாதிரி ஒன்றை அவர் கையில் கொடுத்து, அவர் செய்வதை அளந்து பார்த்தல். கண்ட குறைகளைத் திருத்தி மீண்டும் சோதித்தல். மறு ஆண்டு டொனால்டு நார்மன், ஸ்டீஃபன் டிரேப்பர் ஆகியோர் பதிப்பித்த நூலின் வாயிலாக, ‘பயன்படுத்துவோரை மையமாகக் கொண்ட’ என்ற தொடர் அறிஞரிடையே நிலைபெற்றது. 1999இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு இதற்கென ஒரு தர விதியை வெளியிட்டது, ஐ.எஸ்.ஓ. 9241-210 என்ற எண்ணுடன் 2010இலும், திருத்தப்பட்டு 2019இலும் வெளிவந்த விதி அதன் வழி வந்ததாகும்.

பல்கலைக் கழகங்களில் இத்துறை பல வாயில்கள் வழியே நுழைந்தது. சில இடங்களில் உளவியல் துறையினின்றும், சில இடங்களில் கணிப்பொறித் துறையினின்றும் கிளைத்தது. ஐக்கிய அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில், யந்திரங்களுக்கும் கருவிகளுக்கும் விளக்க நூல் எழுதும் கலையைக் கற்பித்து வந்த துறையே இதன் தாயகம் ஆயிற்று. பொறியியல் கல்லூரியைச் சேர்ந்த அத்துறை 2009இல் மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு, பொறியியல் துறை என்று பெயர் மாற்றம் பெற்றது; முழுப் பட்டம் நாடாத, பணியிலிருக்கும் பட்டதாரிகளுக்கெனப் பயன்படுத்துவோரை மையமாகக் கொண்ட வடிவமைப்பில் சான்றிதழ்ப் பயிற்சியையும் அது நடத்தி வந்துள்ளது. விளக்க நூல் எழுதுகிறவர்கள் இத்துறைக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. ஒரு கருவியை விளக்க இருபது பக்கம் தேவைப்படும்போது, குறை விளக்கத்தில் இல்லை, கருவியில்தான் இருக்கிறது என்பதை முதலில் உணர்கிறவர் அதை எழுத நேர்ந்தவரே ஆவர்.

பாரத நாட்டில்

1958இல் மத்திய அரசாங்கத்தின் அழைப்பின் பேரில், ஃபோர்டு அறநிறுவனத்தின் ஆதரவுடன் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். வடிவமைப்புக் கல்வியைப் பற்றிய அந்த அறிக்கையில் அவர்கள் மிக உயர்த்திப் பேசிய பொருள், நம் வீடுகளில் நீர் முகக்கும் செம்புதான். அதை ஒருவர் புதிதாக அமைக்க முற்பட்டால் எதை எதை எண்ண வேண்டியிருக்கும் என்று அவர்கள் ஆராய்ந்தனர். கையின் அளவும் வலிமையும், தலையிலா இடுப்பிலா கையிலா எதில் எடுத்துச் செல்லப்படும் என்பது, நிறைந்திருக்கும் போதும் வெறுமையாயிருக்கும் போதும் அதன் சமநிலை, ஊற்றும்போது நீர் விழும் விதம், உட்புறத்தைத் துலக்குவதிலுள்ள வசதி, விலை என்றிவ்வாறு வினாக்கள் நீளும். தனி ஒருவர் அதனை வடித்ததில்லை. தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய கைகளே அதனைத் திருத்தி வந்தன.

இவ்வறிக்கையைத் தொடர்ந்து 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று. 1969இல் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொழில் வடிவமைப்பு மையம் தொடங்கப்பட்டது. ஐ.டி.சி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இம்மையத்தின் பணிகளுள் நாட்டு மக்கள் யாவரும் கையால் தொட்டது ஒன்றுண்டு. அது மின்னணு வாக்குப்பதிவு யந்திரத்தின் புற அமைப்பாகும்.

இவ்யந்திரத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும். இதன் மின்சுற்றுக்களைப் பொறியியலாளர் அமைத்து விட்டனர். 1982இல் கேரளத்தில் பரவூர்த் தொகுதியின் சில வாக்குச் சாவடிகளில் சோதனையும் நடைபெற்றது. ஆயினும், எழுதப் படிக்க அறியாத ஒருவர், வாழ்நாளில் முதன் முறையாக, யாரிடமும் கேட்க இயலாத மறைவிடத்தில், தனியே நின்று இதனை இயக்கியாக வேண்டும். பயிற்சியளிக்க நேரமில்லை, தவறினால் மறுமுறை இல்லை. ஆகவே வாக்களிப்பவரின் முன் வைக்கப்படும் பகுதியில், அவர் முன்பே அறிந்திருந்த வாக்குச் சீட்டின் வரிசை அப்படியே காக்கப்பட்டது. பெயர், அதன் அருகே சின்னம், அதற்கு நேரே ஒரு நீலப் பொத்தான். அழுத்தியவுடன் நேரே சிவப்பு விளக்கு எரிகிறது. ஒலி ஒன்று நீண்டு கேட்கிறது. செய்தது நிறைவேறிற்று என்பதைக் கண்ணும் அறிகிறது, காதும் அறிகிறது. வாக்குப் பதிவை அனுமதிக்கும் பகுதியோ அலுவலரிடம் தனியே இருக்கிறது. ஒரு பெட்டியில் 16 வேட்பாளர்களுக்கு இடமுண்டு. பின்னாளில் சேர்க்கப்பட்ட, வாக்கினைச் சரிபார்க்கும் காகிதச் சீட்டு 7 விநாடிகள் கண்ணாடியின் பின்னே காட்சியளித்து, பெட்டிக்குள் விழுகிறது.

சின்னங்களின் முறை இதற்கும் முந்தியது. 1951-52 ஆண்டுகளில் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னம் ஒட்டப்பட்டது. வாக்காளரின் நிலையிலிருந்து எண்ணிப் பார்த்தல் என்பது இந்நாட்டிற்குப் புதிதன்று என்பதற்கு அதுவும் சான்றாகும்.

யார் மனுச் செய்யலாம்?

இப்பயிற்சிகள் பலதரப்பட்டவை. இரண்டாண்டு முதுகலைப் பட்டம் ஒரு புறம். மாலை நேரத்திலோ, இணைய வழியாகவோ சில மாதங்களில் முடியும் சான்றிதழ்ப் பயிற்சி மறு புறம். முதுகலைப் பட்டத்திற்குப் பல இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும், வடிவமைப்புக்கான பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கருத்திற் கொள்கின்றன. சி.இ.இ.டி. என்று வழங்கும் இத்தேர்வினைப் பம்பாய்த் தொழில்நுட்பக் கழகம் ஆண்டுதோறும் நடத்தி வருகிறது. மேல்நிலைப் பள்ளிக் கல்விக்குப்பின் குறைந்தது மூன்றாண்டுகள் பட்டமோ பட்டயமோ பயின்றவர் எத்துறையினராயினும் எழுதலாம். வயது வரம்பு இல்லை. எத்தனை முறை வேண்டுமாயினும் எழுதலாம். ஆனால் ஒருமுறை பெற்ற மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும். ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தனக்கென வேறு தேர்வு வைத்துள்ளது.

பொது நுழைவுத் தேர்வு இரு பகுதிகளாலானது. ஒரு மணி நேர முதற் பகுதி கணிப்பொறியில் விடையளிப்பது. அதில் தேறியவர்களின் இரண்டாம் பகுதியே திருத்தப்படும். இரண்டு மணி நேரமுள்ள இரண்டாம் பகுதியில் கையால் வரைந்தும் எழுதியும் விடையளிக்க வேண்டும். வரைதல் என்றதும் பின்வாங்குவோர் பலர். அழகிய ஓவியம் இங்கே கேட்கப்படவில்லை. பேருந்தின் படிக்கட்டில் கைக்குழந்தையுடன் ஏறும் ஒரு பெண்ணின் எந்தக் கை எதனைப் பற்றியிருக்கிறது என்பது பிறருக்கு விளங்கும்படி வரையக் கூடியவர் போதிய அளவு வரையத் தெரிந்தவரே. நாள்தோறும் அரை மணி நேரம், நேரிற் காணும் கைகளையும் பொருள்களையும் வரைந்து பழகுவது இதற்கு உதவும்.

தேர்வில் தேறுவதாலேயே இடம் கிடைத்து விடாது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே மனுப் பெற்று, நேர்முகத் தேர்வு நடத்தி, பணித் தொகுப்பினைப் பார்வையிட்டே முடிவு செய்கிறது. சான்றிதழ்ப் பயிற்சிகள் பலவற்றில் நுழைவுத் தேர்வு இராது. ஆங்கே மனுவொன்றே மனுதாரருக்காகப் பேசியாக வேண்டும். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பணி விவரம், ஒன்றிரண்டு பரிந்துரைக் கடிதங்கள் இவையெல்லாம் சேகரித்து இணைக்க வேண்டியவை. இவற்றைப் பற்றிக் கூறுதற்கு மிகுதியாக ஒன்றுமில்லை. உண்மையில் உழைப்பை வேண்டுவன இரண்டு. ஒன்று ‘ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்ப்பஸ்’ எனப்படும் நோக்க அறிக்கை. மற்றது ‘போர்ட்ஃபோலியோ’ எனப்படும் பணித் தொகுப்பு.

நோக்க அறிக்கை

மனுதாரர்கள் எழுதும் நோக்க அறிக்கைகளில் ஒரு வகை உண்டு. இளமை முதலே வடிவமைப்பில் ஆர்வம் கொண்டிருந்ததாகத் தொடங்கி, நிறுவனத்தின் புகழை ஒரு பத்தியில் உரைத்து, அறிந்த கணிப்பொறிச் செயலிகளை வரிசைப்படுத்தி, நாட்டிற்குத் தொண்டாற்றும் விருப்பத்துடன் முடியும். இதனை எழுதியவரின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைச் சேர்த்தாலும் பொருந்தும். அதுவே அதன் குறை.

வேறு வகையில் எழுதுவது எவ்வாறு என்பதைக் காட்ட ஒரு கற்பனை மனுதாரரை எடுத்துக் கொள்வோம். அவர் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் எனக் கொள்க. கணிப்பொறி அறிவு அவருக்குச் சொற்பமே, ஓவியமும் பயின்றதில்லை. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்க வருகின்ற முதியோர் சிலர், மறு மாதம் வரும்போது மாத்திரைகளை மிச்சம் வைத்திருப்பதை அவர் கவனிக்கிறார். பதிவேட்டில் இதற்கென்று ஒரு வாசகம் உண்டு: “நோயாளி மருந்தைச் சரிவர உட்கொள்ளவில்லை.” பி-17 விமானியைப் பற்றி எழுதப்பட்ட வாசகத்திற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

மருந்தாளுநர் ஒரு நாள் ஒரு மூதாட்டியிடம், “ஏன் பாட்டி, இதை எடுக்காம வெச்சிருக்கீங்க?” என்று கேட்கிறார். “போன மாசம் தந்தது மஞ்சளா இருந்துச்சே தம்பி. இது வெள்ளையா இருக்கு. மாத்திக் குடுத்துட்டாங்கன்னு பத்திரமா எடுத்து வெச்சுட்டேன்” என்று விடை வருகிறது. மருந்து ஒன்றேதான், வழங்கும் கம்பெனி மாறியதால் நிறம் மாறியிருந்தது. எழுத்தறியாத அம்மூதாட்டி நிறத்தையும் பருமனையும் கொண்டே மாத்திரைகளை இனம் கண்டு வந்தார். அவர் அலட்சியமாக இருக்கவில்லை. தமக்குத் தெரிந்த ஒரே வழியில் மிகுந்த எச்சரிக்கையுடன்தான் நடந்து கொண்டார். மாத்திரை அட்டையைத் துண்டித்துக் கொடுக்கும்போது பெயர் அச்சிட்ட பகுதியும் சில வேளை போய்விடுகிறது. உறையின்மேல் எழுதப்படும் 1-0-1 என்ற குறி, எழுதுகிறவருக்கு விளங்குவது; உண்ணுகிறவருக்கு அன்று.

இப்போது மருந்தாளுநரிடம் எழுதுவதற்கு ஒரு செய்தி இருக்கிறது. ஆனால் அவர் இத்துடன் நிறுத்தினால் அது புகாராகவே முடியும். அவர் காகித உறைகளின்மேல் கதிரவன், பிறைநிலா ஆகிய படங்களைக் கையால் வரைந்து, காலைக்கும் இரவுக்குமாகப் பிரித்து, சிலரிடம் காட்டி, எப்போது உண்பீர்கள் என்று கேட்டுப் பார்க்கிறார் எனக் கொள்வோம். ஒருவர் கதிரவன் படத்தை உச்சி வெயில் என்று எண்ணி நண்பகலைக் கூறிவிடக் கூடும். அப்படியாயின் படம் தோற்றது. மறுமுறை காப்பி டம்ளரும் பாயும் வரைகிறார். இம்முறை பலர் தயங்காமல் கூறுகின்றனர். காப்பி அருந்தாதவர் ஒருவர் மட்டும் சிரித்துக் கொண்டே வேறு படம் கேட்கிறார்.

இம்முயற்சிக்குப் பணச் செலவு இல்லை எனலாம். ஆனால் கூல்ட், லூயிஸ் இருவரும் வகுத்த மூன்று நெறிகளும் இதில் அடங்கியுள்ளன. கதிரவன் படம் தோற்ற செய்தியை மறைக்காமல் எழுதுவது இதில் மிக முக்கியமானது. இத்துறையின் ஆசிரியர்கள் வெற்றியைவிட, தோல்வி எங்ஙனம் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையே விரும்பிப் படிப்பர். நிறைவேறிய ஒன்றை மட்டும் காட்டும் மனுவில், மனுதாரர் கற்றுக் கொண்டது எது என்பது புலனாவதில்லை.

எத்தனை பேரிடம் சோதிக்க வேண்டும் என்ற ஐயம் எழலாம். ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் என்போர் 1993இல் வெளியிட்ட கணிப்பு இதற்கு வழி காட்டுகிறது. ஒருவர் சோதனையில் சராசரியாக 31 சதவிகிதக் குறைகள் வெளிப்படுமாயின், ஐவரைக் கொண்டு சுமார் 84 சதவிகிதக் குறைகளைக் கண்டுவிடலாம். குறைகள் எளிதில் தென்படாத இடங்களில் இவ்வெண் போதாது. மருந்தைப் போன்று உயிரைப் பற்றிய விஷயத்தில் ஐவரோடு அமைதல் தகாது. சோதனை உறைகளைப் பொறுப்பு மருத்துவரின் அனுமதியின்றி நோயாளி வசம் கொடுத்தனுப்புவதும் கூடாது. காட்டிக் கேட்பது வேறு, கொடுத்தனுப்புவது வேறு. இவ்வேறுபாட்டைத் தாம் அறிந்திருப்பதை மனுதாரர் ஒரு வரியில் குறிப்பிடுவது நலம்.

பணித் தொகுப்பு

பணித் தொகுப்பு என்றதும் வழவழப்பான வண்ணப் படங்களே நினைவுக்கு வருகின்றன. அவை இருப்பதில் தவறில்லை. ஆனால் மேற்கூறிய மருந்தாளுநரின் தொகுப்பில் பழைய உறை ஒன்று, கதிரவன் உறை, டம்ளர் உறை, ஒவ்வொன்றையும் கண்டவர் கூறியவை, அவற்றால் ஏற்பட்ட மாற்றம் என நாலைந்து பக்கங்கள் இருந்தாலே போதும். உறைகளைப் புதிதாக அழகுபடுத்தி வரைய வேண்டியதில்லை. கசங்கிய முதல் உறையின் புகைப்படமே மேலானது. நோயாளியின் பெயர், முகம், முகவரி இவை எங்கும் இடம் பெறலாகாது. கூட்டு முயற்சியாயின் மனுதாரர் செய்த பகுதி எது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பிறர் செய்ததைத் தமதென்று காட்டியோர் நேர்முகத் தேர்வின் இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுக் கொள்வர்.

மொழியைப் பற்றி ஒரு சொல்

பொது நுழைவுத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்தில் அமைகிறது. பெரும்பாலான மனுக்களும் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டியிருக்கின்றன. தாய்மொழியில் பயின்றோருக்கு இது ஒரு தடையென்பதை மறுப்பதற்கில்லை. பயன்படுத்துவோரை முதன்மையாகக் கருதும் ஒரு துறைக்கு இது சற்றுப் பொருந்தாத நிலை என்றும் கூறலாம். ஆயினும் அத்தகையோரிடம் மற்றவர்களிடம் இல்லாத முதல் ஒன்று உள்ளது. பயன்படுத்துவோர் பேசும் மொழியை அவர்கள் நேரே கேட்கின்றனர்.

இதில் கவனிக்க வேண்டியது, கேட்டதை எழுதும் முறையாகும். மூதாட்டி கூறியதை, “மருந்தின் நிற மாற்றத்தால் நோயாளி உட்கொள்ளத் தவறினார்” என்று எழுதினால் இலக்கணப்படி அது சரியே. ஆனால் “பத்திரமா எடுத்து வெச்சுட்டேன்” என்ற சொற்கள் அதில் மறைந்து போயின. அச்சொற்களில்தான் அவருடைய எண்ணம் இருந்தது. நாகரிகமான வாக்கியமாக மாற்றும்போது பழி மீண்டும் நோயாளியின் மேலேயே போய்ச் சேர்ந்ததைக் காண்க. ஆகவே கள ஆய்வில் கேட்டதைக் கேட்டபடியே, பேச்சு வழக்கிலேயே, தமிழிலோ தெலுங்கிலோ ஹிந்தியிலோ உடனுக்குடன் குறித்துக் கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பு பிறகு செய்து கொள்ளலாம். மனுவில் மூலச் சொற்களையும் அவற்றின் பொருளையும் அருகருகே தருவது வெறும் அலங்காரம் ஆகாது, அது சான்றாகும்.

நேர்முகத் தேர்வும் பிறவும்

நேர்முகத் தேர்வில் கையிலுள்ள பேனாவையோ, மேசை மேலுள்ள தண்ணீர்ப் புட்டியையோ காட்டி, இதனைப் பயன்படுத்துவதில் யாருக்கு இடர்ப்பாடு நேரும் என்பது போல் வினவலாம். உடனே புதிய புட்டி ஒன்றைப் படைக்க முனைவோரைவிட, மூட்டுவலியுள்ளவர், ஒரு கையில் பை வைத்திருப்பவர், ஓடும் ரெயிலில் இருப்பவர் என்று ஆட்களை எண்ணத் தொடங்குவோர் நல்ல நிலையில் இருப்பர். தெரியாததைத் தெரியாது என்று கூறி, அதை எவ்வாறு சென்று அறியலாம் என்று சேர்த்துச் சொல்வதும் விடையாகவே கொள்ளப்படும்.

எந்தச் சான்றிதழ்ப் பயிற்சியில் சேர்வதென்று தேர்ந்தெடுப்பதிலும் விழிப்பு வேண்டும். வேலை உறுதி என்ற விளம்பரத்துடன், பெருந்தொகை பெற்றுக் கொண்டு, சில வாரங்களில் சான்றிதழ் வழங்கும் தனியார் வகுப்புகள் பெருகியுள்ளன. பாடத் திட்டத்தை வாங்கிப் பார்த்து, மாணவர் எத்தனை முறை வெளியே சென்று உண்மையான மனிதரைச் சந்திப்பர் என்று கேட்டால் போதும். ஒருமுறையும் இல்லையெனில், அங்கே கற்பிக்கப்படுவது ஒரு செயலியே அன்றி வடிவமைப்பு அன்று. பல்கலைக் கழகத்தின் பெயர் இணைந்திருந்தாலும், கற்பிப்பது அப்பல்கலைக் கழகத்தின் ஆசிரியர்களா, பெயரை மட்டும் பெற்ற வெளி நிறுவனமா என்பதையும் விசாரித்தறிதல் வேண்டும்.

பணம் செலுத்துமுன் தமக்கு இத்துறை பொருந்துமா என்று அறிய விரும்புவோர்க்கு அரசாங்கத்தின் ஆதரவில் இலவச வழிகள் உள்ளன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் மனிதனுக்கும் கணிப்பொறிக்குமுள்ள தொடர்பைப் பற்றியவையும் வடிவமைப்பைப் பற்றியவையும் இடம் பெற்றுள்ளன. பாடங்களைக் கட்டணமின்றிப் பயிலலாம்; தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டும் கட்டணம் உண்டு. ஐ.டி.சி. முன்னின்று உருவாக்கிய ‘டி’ஸோர்ஸ்’ என்னும் இணையக் களஞ்சியத்தில் நாட்டின் கைவினைகள், கருவிகள், வடிவமைப்புப் பாடங்கள் முதலியவை படங்களுடன் தொகுக்கப்பட்டுள்ளன.

மனு எழுதி முடித்ததும் அதனைத் துறைக்குப் புறம்பான ஒருவரிடம் கொடுத்து, அவர் படிக்கையில் அருகே அமர்ந்து, எவ்விடத்தில் கண் தயங்குகிறது, எந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கப்படுகிறது என்று கவனித்துத் திருத்துவது பயனுடையது. அவ்வேளையில் வாய் திறந்து விளக்கம் கூறலாகாது. தேர்வாளரின் அருகே அமர்ந்து விளக்க மனுதாரருக்கு வாய்ப்புக் கிட்டப் போவதில்லை.

வடிவமைப்புக்கான பொது நுழைவுத் தேர்வு வழக்கமாக ஜனவரித் திங்களில் நடைபெறுகிறது. மனுக்கள் அதற்கு முந்திய அக்டோபரில் பெறப்படத் தொடங்கும். தேர்வு முடிவு வெளியான பிறகு ஒவ்வொரு நிறுவனத்திற்கும் தனியே மனுச் செய்ய வேண்டியிருப்பதால், பணித் தொகுப்பினை அதற்கு முன்பே ஆயத்தம் செய்து கொள்ளுதல் நலம். உறைகளைச் சோதிக்கவும், தோற்றதைத் திருத்தவும், மறுமுறை சோதிக்கவும் குறைந்தது இரண்டு மாதங்களாவது பிடிக்கும்.